சீஃபுக்கு ஒன்றாம் எண் கொடுத்த விவரம்

அபெயோகுடா,
வியாழக்கிழமை மாலை

லாகோசில் இருக்கும் அன்பு மைத்துனன் பங்கோலேவுக்கு, உன் அத்தான் ஜோசயா ஃபடுன்பி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உன் மருமகள் மொரோலாயோவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும், கடைக்குப் பின்னால் ஓயாமல் இருமிக்கொண்டிருக்கும் உன் ஜெனரேட்டரும் சுகமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும்.

எங்கள் பள்ளிக்குப் புது இணைய இணைப்பு வருகிறது என்றதும், நீ வந்து ஒரே நாளில் எல்லாக் கம்ப்யூட்டரையும் அதற்கு மாற்றித் தருவதாகச் சொன்னாய். பதினேழு வருடம் அலுவலக மேலாளராக இருப்பவனுக்கு எட்டுக் கம்ப்யூட்டரை மாற்றத் தெரியாதா என்று நான் கேட்டேன். தெரியும் என்று இப்போது நிரூபித்துவிட்டேன். நடுவில் சின்னச் சின்னச் சங்கடங்கள் வந்தன, அவற்றை நான் சமாளித்த விதத்தை நீ தெரிந்துகொண்டால் உன் தொழிலுக்கும் உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். இறுதித் தேர்வு எழுதும் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளின் பெயர்களை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தேர்வு வாரியத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். பெயர் போகாத பிள்ளை அடுத்த வருடம்தான் எழுத முடியும். அவர்களில் எங்கள் மகள் மொரோலாயோவும் ஒருத்தி. வாரியத்தின் பக்கம் என் கம்ப்யூட்டரிலும் கணக்கர் ஒகுன்லேயேயின் கம்ப்யூட்டரிலும் மட்டும்தான் திறக்கும், அப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பழைய இணைப்போ, வானத்தில் ஒரு மேகம் தென்பட்டாலே படுத்துவிடும்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து சிமிசோலா என்ற பெண் வந்து, கம்பியை இழுத்து, சுவரில் பெட்டியை மாட்டினாள். கெட்டிக்காரப் பெண். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் வேண்டும், அதைப் பெட்டியே பார்த்துக் கொடுத்துவிடும், அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் மூத்தவர் என்று பார்த்துத்தானே நாம் ஓர் இறைச்சித் துண்டையே பங்கிடுகிறோம்? நேற்று வந்த பெட்டி யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிப்பதா? தொழில்நுட்பத்தை நீ பார், மரியாதையை நான் பார்க்கிறேன் என்று சொல்லி, நானே உட்கார்ந்து எண் கொடுத்தேன். பள்ளியின் நிறுவனர் சீஃப் சொபாண்டேவுக்கு ஒன்று, தலைமையாசிரியை அகின்டோலா அம்மாவுக்கு இரண்டு, அப்படியே படிப்படியாக இறங்கி வந்தேன். "ஐயா, அந்த ஒண்ணாம் நம்பர் மட்டும்..." என்று அந்தப் பெண் இழுத்தாள். பசியில் பேசுகிறாள் என்று புரிந்துகொண்டு, இரண்டு மொய்மொய் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

செவ்வாய் காலை இணைப்பு வேகத்தில் பறந்தது. பத்தரைக்கு சீஃப் வந்தார், எல்லோரும் வணங்கினோம், அவர் தம் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து வழக்கம்போலச் சீட்டாட்டம் ஆட ஆரம்பித்தார். அடுத்த நிமிடம் அலுவலகம் முழுக்க இணையம் செத்துப்போனது. ஒரு மணிக்கு அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார், உயிர் வந்துவிட்டது. மூன்றுக்குத் திரும்பி வந்தார், மறுபடியும் போய்விட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அசரவில்லை. பெரியவர் உள்ளே வந்தால் சின்னவர்கள் பேச்சை நிறுத்துவதில்லையா, இந்த இணைப்பு நல்ல வளர்ப்பு என்று சொன்னேன். அகின்டோலா அம்மா மட்டும் அந்த வளர்ப்பு வெள்ளிக்கிழமைக்குள் நூற்று நாற்பத்து மூன்று பேரை அனுப்புமா என்று கேட்டார்கள்.

ஆகவே புதன்கிழமை முழுவதும் சீஃபைக் கம்ப்யூட்டர் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டோம். பாடகர் குழு அவருக்கு நான்கு பாட்டுப் பாடியது. கால்பந்து மைதானத்தை மூன்று முறை பார்வையிட்டார். பெற்றோர் சங்கத்து அம்மாள் ஒருவர் இடித்த கிழங்கும் எகுசிக் குழம்பும் கொண்டுவந்து, அவர் போதும் போதும் என்ற பிறகும் பரிமாறிக்கொண்டே இருந்தார். அவர் மென்றுகொண்டிருந்த நேரத்தில் மட்டும் முப்பது பெயர்கள் போய்ச் சேர்ந்தன.

இன்று காலை எட்டு மணிக்கே சீஃப் வந்துவிட்டார். பிள்ளைகளின் பெயர்கள் போவதைத் தாமே பார்க்க வேண்டும், இன்று முழுக்க அறையை விட்டு நகரப்போவதில்லை என்று அறிவித்துக் கம்ப்யூட்டரைத் திறந்தார். வேறு வழியில்லாமல் நான் சிமிசோலாவுக்குப் போன் செய்தேன். ஒன்றாம் எண் பெட்டியின் எண்ணாம். எல்லோரும் அதன் வழியாகத்தான் வெளியே போய்வர வேண்டுமாம். சீஃபின் கம்ப்யூட்டரும் நான்தான் ஒன்று என்று நின்றால், மற்றவை எல்லாம் அவரிடம் போய் முட்டிக்கொண்டு நிற்குமாம். பெட்டியின் எண்ணை மாற்றக் கம்பெனி ஆள் வர வேண்டும், அது திங்கட்கிழமைதான். அதாவது சீஃப் ஒன்றிலிருந்து இறங்க வேண்டும், அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். நான் திரும்பிப் பார்த்தபோது அறையில் ஒருவரும் இல்லை.

நானே போனேன். புது அக்படா அங்கி கசங்கினாலும் பரவாயில்லை என்று தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"எந்திரிய்யா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல, பாபா. உங்க நம்பர மாத்தணும்."

"ஏன், ஒண்ணுக்கு என்ன குறைச்சல்?"

படுத்தபடியே சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எல்லாரையும் வெளிய விட்டு உள்ள விடறது கேட் வாட்ச்மேன் வேலை இல்லையா? மூணு நாளா என்னக் கேட்டுல நிறுத்தி வச்சிருந்தியா?"

"தெரியாம நடந்துடுச்சு, பாபா."

"கடைசி நம்பர் எது?"

"இருநூத்தி அம்பத்திநாலு வரைக்கும் போடலாமாம், பாபா."

"ஊர்வலத்துல நான் எங்க வருவேன்?"

"பெரியவராச்சே, எல்லாருக்கும் கடைசியா."

"அப்புறம் என்ன, அதக் குடு."

கொடுத்தேன். அந்த நொடியே எட்டுக் கம்ப்யூட்டரும் உயிர் பெற்றன. நூற்று நாற்பத்து மூன்று பெயர்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. சீஃப் என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

உன் வீட்டில் சிரிப்பும் உன் கடையில் கூட்டமும் குறையாமல் இருக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னைவிடப் பெரிய வீடு கட்டட்டும். உன் அக்கா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் அன்புள்ள அத்தான்,
ஜோசயா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டு நிம்மதியாகச் சமையலறைக்குப் போயிருக்கிறாள். அவள் படிப்பாள் என்று தெரிந்துதான் கடைசியில் எல்லாப் பெயரும் போய்விட்டதாக எழுதினேன். சீஃப் கடைசி எண்ணை எடுத்தார் என்ற செய்தி பரவியதும் இரண்டு மூன்று எல்லாம் யாருக்கும் வேண்டாமல் போய்விட்டது. அகின்டோலா அம்மா 253-ஐ எடுத்துக்கொண்டார்கள், துணைத் தலைமையாசிரியர் 252. பிறகு 251-ஐ ஒகுன்லேயேயும் நானும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டோம். அவர் பணியில் எனக்கு மூன்று மாதம் மூத்தவர், நான் வயதில் அவருக்கு நான்கு மாதம் மூத்தவன். ஓர் எண்ணில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவருக்குமே இணையம் இல்லையாம். 'சி' பிரிவில் நாற்பத்தொரு பெயர் இன்னும் போகவில்லை. மொரோலாயோ 'சி' பிரிவு. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும் என்றுதான் இன்றிரவே லாகோஸ் வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டு. வெளியூர்க்காரன் சொல்லி இறங்கினால் யாருக்கும் மானம் போகாது. பத்து மணிக்குள் நீ வராவிட்டால் நானே இறங்கிவிடுவேன், பிள்ளையின் ஒரு வருடத்தைவிட எண் பெரிதில்லை. ஆனாலும் தயவுசெய்து வந்துவிடு.