ஆறு மணிக்கு வீடு

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள்: கதவை ஒட்டிய நாற்காலியில் மேலாளர்; அவருக்கு வலப்புறம், கையில் வெற்றுச் சீட்டுகளோடு எச்.ஆர். மேடம்; எதிரே, ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் இடத்தில், லிஃப்டுகளுக்கு வரைபடம் போடுவதால் 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர் வாங்கியவன். மற்ற பதினோரு பேரும் சுவரோரம், பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி.

"முப்பது வயசுக்காரங்க சம்பளத்தை மட்டும் பார்க்கறதில்லையாம். சூழல், சலுகை எல்லாம் பார்க்கறாங்களாம். வேணுங்கறதை எழுதுங்க, பேர் போட வேண்டாம்" என்றார் மேடம்.

ஸ்கேலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள். அலுவலகத்திலோ மேலாளர் நாற்காலியை விட்டு எழாமல் யாரும் எழுவதில்லை. அவர் இரவு ஒன்பதுக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆகவே சுருக்கமாக எழுதினான்: 'ஆறு மணிக்கு வீடு.'

மறுவாரம் அலுவலக மூலையில் சோபா, பூப்போட்ட திரை, கால்மிதி எல்லாம் வந்துவிட்டன. மேலே 'வீடு' என்று ஒரு பலகை.

"ஆறு மணிக்கு மேல ஆபீஸ் வீடு மாதிரி இருக்கணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டாரே!" என்று மேடம் பூரித்தார்.

ஸ்கேல் இரண்டாவது சீட்டைப் போட்டான்: 'இரவுச் சாப்பாடு வீட்டில்.'

மறுநாள் எட்டு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு வந்தது. பலகைக்குக் கீழே பரிமாறினார்கள்.

மூன்றாவது சீட்டில் எந்தக் குழப்பமும் வரக்கூடாது என்று யோசித்து எழுதினான்: 'வீட்டில் மகளைப் பார்க்க வேண்டும்.'

சோபாவுக்கு எதிரே ஆள் உயர டி.வி. ஏறியது. தினமும் ஏழரைக்குப் பத்து நிமிடம், வீடியோவில் குடும்பம். முதல் நாள் மகள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, வேற சேனல் மாத்தும்மா."

அன்றிரவு மனைவி கேட்டாள்: "நீங்க இங்க வர்றீங்களா, இல்ல நாங்க அங்க குடி வந்துடவா?"

"நான் என்ன பண்றது? மூணு தடவை எழுதிப் போட்டாச்சு."

"சீட்டு போட்டது போதும். மேலாளர்கிட்ட வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"அவரா? நட்டு வெச்ச தூண் மாதிரி உக்காந்திருப்பார். அவர்கிட்ட போய் ஆறு மணிக்குக் கிளம்பறேன்னு எப்படிச் சொல்றது?"

வாயைத் திறப்பதைவிட வேலையை விடுவது சுலபமாகப்பட்டது. தலைமை அலுவலகத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, மறுநாள் மாலை தபால் பிரிவு அக்காவிடம் நீட்டினான்.

"என்ன தம்பி இது?"

"ராஜினாமா அக்கா. நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியல."

அக்கா உறையை ஒட்டி, முத்திரை குத்தி, பையில் போட்டார். கூரியர்காரர் பையை வாங்கிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பியது.

"இன்னிக்கு ராஜினாமா ரெண்டாச்சு தம்பி" என்றார் அக்கா. "'இந்தப் பசங்க நைட்டு ஒன்பதுக்கு முன்னாடி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாங்க, விட்டுட்டு நான் மட்டும் எப்படிக் கிளம்பறது'ன்னு புலம்பிக்கிட்டே, மேலாளர் சார் காலையிலயே ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு."