பதினேழாம் எண்ணை எடுத்துவிட்டார்கள்

எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. பொறாமை உண்டு. எழுபத்து மூன்று வயதில் டாக்டரிடம் சொல்லத் தயங்குகிற வியாதி அது ஒன்றுதான்.

கல்லூரியில் நான் ஹாக்கி ஆடினேன். சென்டர் ஃபார்வர்ட். அதே டீமில் ஆரோக்கியசாமியும் இருந்தான். மூன்று வருஷமும் பெஞ்சில் இருந்தான். எங்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தான், எலுமிச்சம்பழம் நறுக்கினான், நான் கோல் அடித்தால் என்னைவிட அதிகமாகக் குதித்தான். நீண்ட கால நட்புக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. (எனக்கு வசதி. அவனை யார் கேட்டது?)

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவள் அவன் பேத்தி ஏஞ்சலின். ஆரோக்கியத்தின் மகள் நர்ஸ் வேலைக்கு லடாக்கில் இருக்கிற லே நகரத்துக்குப் போய், அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டவள். குளிர்காலத்தில் குளம் குட்டையெல்லாம் உறைந்துபோகிற ஊர். அடியில் கத்தி வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அதன்மேல் ஹாக்கி ஆடுவார்களாம். ஏஞ்சலின் ஆடி ஆடி இந்திய அணிக்கே போய்விட்டாள். ஐஸ் ஹாக்கியில் இப்போதுதான் நடை பழகுகிற நாடுகளுக்கென்று தனியாக ஒரு சர்வதேசப் போட்டி, அதில் பேத்தி ஆடுகிறாள் என்று ஆரோக்கியம் போனில் சொன்னான். "ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சாதம் இறங்கவில்லை.

"பெரிய நாடெல்லாம் அதுல கிடையாது, தெரியுமோ?" என்று என் மனைவி வைதேகியிடம் நாலு தடவை சொன்னேன். நாலாவது தடவை அவள் கேட்டாள்: "நீங்க எந்த நாட்டோட ஆடினேள்?"

நான் ஆடியதிலேயே மிகத் தொலைவிலிருந்து வந்த எதிரணி வையம்பட்டி.

போட்டி நாளன்று ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து மன்னார்புரம் போனேன். ஆரோக்கியம் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள், சர்ச் ஆட்கள் என்று இருபது பேர். போனை டிவியோடு இணைத்திருந்தார்கள். வர்ணனை எந்த நாட்டு மொழியோ, ஒருவருக்கும் புரியவில்லை. ஆரோக்கியம் என்னை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, "எங்க டீம் சென்டர் ஃபார்வர்ட். ஆட்டத்தைப் பத்தி எது கேக்கணும்னாலும் இவன்கிட்ட கேளுங்க" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். ஐஸ் ஹாக்கியை நான் அதற்கு முன் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

ஏஞ்சலின் பதினேழாம் எண். களத்தில் இறங்கினாள், அம்பு மாதிரி பாய்ந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஓரத்துத் தடுப்பைத் தாண்டி வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சுண்ணே?" என்றாள் ஆரோக்கியத்தின் மனைவி மேரி.

எங்கள் காலத்து ஹாக்கியில் ஆட்டத்தின் நடுவே ஒருவனை வெளியே எடுத்தால் எடுத்ததுதான். திரும்பி வர முடியாது. அவன் அன்று ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக்கூட வரமாட்டான். அந்த ஞானத்தோடு தீர்ப்புச் சொன்னேன்: "எடுத்துட்டாங்கம்மா. சரியா ஆடலைன்னா அப்படித்தான்."

ஹாலில் முறுக்குக் கடிக்கிற சத்தம்கூட நின்றது. வெட்கத்தோடு சொல்கிறேன், பல நாள் கழித்து எனக்கு அப்போதுதான் நன்றாக மூச்சு வந்தது.

சற்று நேரத்தில் அவள் மறுபடி இறங்கினாள். "பாவம்னு இன்னொரு சான்ஸ் கொடுக்கறாங்க" என்று விளக்கினேன். மறுபடி வெளியே போனாள். "ரெண்டாவது தடவையும் எடுத்துட்டாங்க. பாவம், சின்னப் பொண்ணு."

ஆரோக்கியம் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "எங்க குடும்பத்துக்கு பெஞ்சுதான்டா" என்று என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, "மோட்டர் போட்டுட்டு வரேன்" என்று கொல்லைப்பக்கம் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் பதினேழாம் எண் கோல் அடித்தது.

ஹாலே எழுந்து நின்றது. மேரி கத்திய கத்தலுக்கு மோட்டர் சத்தம்தான் போட்டி, மோட்டர் ஜெயித்தது. யாரோ ஓடிப்போய் ஆரோக்கியத்தை இழுத்துவந்தார்கள். கையில் ஈரம் சொட்ட அவன் டிவியைப் பார்த்தபோது, கோலைத் திரும்பக் காட்டும் நேரத்தில் படம் நின்றுபோய் வட்டம் சுற்றியது. வட்டம் விலகியதும் தெரிந்தது, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஏஞ்சலின்.

ஆரோக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மறுபடியும் எடுத்துட்டாங்களாடா?"

நாற்காலிக்கு அடியில் இடம் இருந்திருந்தால் அப்போதே போயிருப்பேன்.

ஆட்டம் முடிந்து அவள் வீடியோ காலில் வந்தாள். மேரி முதலில் கேட்டதே, ஏன் அடிக்கடி வெளியே அனுப்பினார்கள் என்றுதான். "ஐயோ பாட்டி, எல்லாருமே அப்படித்தான். ஒரு நிமிஷம் ஆடினாலே மூச்சு முட்டிடும். மாறி மாறி இறங்குவோம். யாரு சொன்னா என்னைத் தூக்கிட்டாங்கன்னு?" இருபது தலைகள் என் பக்கம் திரும்பின. அவள் அடுத்ததாகக் கேட்டாள்: "தாத்தா, என் கோலைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா" என்றான் ஆரோக்கியம். "கண்ணு நிறைய பாத்தேன்."

அன்றிலிருந்து நான் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்தால் வைதேகி, "ஏன்னா, உங்களையும் எடுத்துட்டாளா?" என்கிறாள். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் கேட்கிறாள். ஏஞ்சலினுக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. விதி தெரியாமல் உளறிய கிழவன் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடவே சிரிக்கிறேன்.

முதல் தடவை தெரியாமல்தான் சொன்னேன். இரண்டாவது தடவை அவளோடு இன்னும் நாலு பேர் வெளியே போனதைப் பார்த்தேன். எதிரணியிலும் அப்படியே. இது ஆட்டத்தின் முறை என்று புரிந்தது. புரிந்த பிறகுதான் "பாவம், சின்னப் பொண்ணு" என்றேன்.

இதை ஆரோக்கியத்திடம் சொல்லிவிட மூன்று முறை மன்னார்புரத்துக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு முறையும் அவன், "வாடா சென்டர் ஃபார்வர்ட்" என்று கதவைத் திறந்து, மகள் அனுப்பிய அந்தக் கோலைப் போனில் போட்டுக் காட்டுகிறான். நான் அவனைவிட அதிகமாகக் கைதட்டிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறேன். அதனால்தான் இதை எழுதினேன், அவன் படிப்பான்.

போன முறை வீடு திரும்பியபோது வைதேகி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்: "ஏன்னா, எடுத்துட்டாளா?"

"இல்லடி," என்றேன். "அவன் இன்னும் எடுக்கலை."