மரரயிலின் நீளம் எத்தனை மைல்?

உலகத்திலேயே லோரியை ரயிலாக ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் மரரயில் அண்ணன்தான். கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் தண்டவாளம் என்று ஒன்று கிடையாது, எங்கள் தோட்டத்தில் தொங்கிய மூன்று அடியைத் தவிர. அதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று அடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளில் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி. காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவதும் ஆபீசில் பதிவு எழுதுவதும் என் வேலை. எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எண்ணிப் பார்த்தாலும் சரியாக வராது. அவர், கொழுந்து மூட்டைகளையும் கொழுந்தெடுக்கும் பெண்களையும் ஏற்றிப் போகும் லோரியின் டிரைவர். அதற்கு முன்பு கீழே பகாங் காட்டில், வெட்டிய மரங்களை இழுத்துவரும் ரயிலில் பிரேக் பிடித்தாராம். இதை நம்பியவர்களின் மொத்த எண்ணிக்கை அரை. அவருடைய மனைவி பாதி நம்பினார்.

அவர் நடையே தனி. நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து தொழிற்சாலைக்கு நான் நடந்தால் 212 எட்டு, அவருக்கு 340. ஒவ்வொன்றும் ஒரே அளவு.

“தண்டவாளத்துக்கு அடியில போடற சிலிப்பர் கட்டை மேல நடந்த காலு, ஐயா. கட்டைக்குக் கட்டைதான் வைக்கும்” என்பார். தானா ராத்தா கடைத்தெருவின் தார் ரோட்டிலும் அதே குட்டி நடைதான்.

மழை பெய்தால் லோரியை நிறுத்தி, ஒரு வாளி மணலோடு இறங்கி, முன்சக்கரங்களுக்கு எதிரே இரண்டு கோடாகத் தூவுவார். மரரயில் சரிவில் வழுக்காமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் மலையில் மழை பெய்யாத நாட்களை எண்ணுவது சுலபம். அந்த நாட்களில் மட்டும் லோரி நேரத்துக்கு வரும்.

எல்லாவற்றையும்விட மோசம் அவருடைய ஹாரன் சட்டம். ஒரு ஹாரன் என்றால் வண்டி புறப்படுகிறது. இரண்டு என்றால் நிற்கப்போகிறது. மூன்று என்றால் பிரேக் போய்விட்டது, உடனே குதி. பின்னால் ஏறும் பெண்களுக்கு இதை ஒரு மாதம் பாடமாகவே நடத்தினார். ஒருநாள் காலை, மேட்டில் லோரி ஊர்ந்துகொண்டிருந்தபோது குறுக்கே ஒரு மாடு நின்றது. மனிதர் தன்னை மறந்து மூன்று முறை அடித்துவிட்டார்.

பதினான்கு பெண்கள் தேயிலைச் செடிகளுக்குள் குதித்தார்கள்.

முதலில் எழுந்தவர் முனியம்மா அக்கா. “யோவ் மரரயிலு! பிரேக் போயிருச்சாய்யா?”

“இல்லக்கா. மாடு.”

“மாட்டுக்கு எத்தன ஹாரன்னு சொல்லித் தந்தியா நீ?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “காட்டுல மாடு இல்லக்கா. நாளையிலேருந்து மாட்டுக்கு நாலு.”

“எங்களுக்குச் சொல்லிட்ட. மாட்டுக்கு யாருலா சொல்றது?”

குதித்த செருப்புகள் இருபத்தெட்டு. கிடைத்தவை இருபத்தைந்து.

இனி அந்த மூன்று அடி. பெரட்டுக்களத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மரரயில் நின்றுபோனபோது அவர் ஒரு சாக்கில் சுற்றி மலைக்குத் தூக்கி வந்தது. தினமும் காலையில் அவர்தான் அடிப்பார். புதிதாக வந்த துரைக்கு அந்த ஓசை பிடிக்கவில்லை. சைரன் வைக்கப்போவதாகவும், சனிக்கிழமை வரும் பழைய இரும்புக்காரனிடம் அதைப் போட்டுவிடும்படியும் சொன்னார்.

செய்தி கேட்டு மரரயில் அண்ணன் ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். கட்டைக்குக் கட்டை வைக்கும் கால் அப்படித் தாவி நான் பார்த்ததே இல்லை.

“அது ஒண்ணுதான் ஐயா மிச்சம். அதுவும் போயிட்டா நான் பொய்யன்னு ஆயிரும்.”

நான் துரையிடம் போய் மரரயில் கதையைச் சொன்னேன். அப்படி ஒரு ரயில் இருந்தது உண்மையானால் துண்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும், விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்.

விசாரிக்க என்ன இருக்கிறது? ஆறு வருடமாக அவர் சொன்னதையெல்லாம் நான் குறித்து வைத்திருந்தேனே. தேத்தண்ணிக் கடையில் சொன்ன நீளம் ஏழு மைல். தைப்பூசத்தன்று பதினொன்று. ஒரு சாவு வீட்டில் ஒன்பது. ஒரு பாதைக்கு மூன்று நீளமா? ‘பொய்’ என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் நியாயத்துக்காக ஒரு தடவை கேட்டேன்.

“மொத்தம் எத்தன மைலு? ஒரே நம்பரா சொல்லுங்க.”

“எந்த வருசத்துக்கு ஐயா?”

“வருசத்துக்கு ஒரு நீளமா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தாப்பா ரோடு ஸ்டேசன்ல நிக்கிற ரயிலுன்னு நெனச்சீங்களா? இது மரத்துக்குப் பின்னால போற ரயிலு. ஒரு பக்கம் மரம் தீந்துட்டா தண்டவாளத்தக் கழட்டி வேற பக்கம் போடுவோம். மொதல்ல ஏழு. ஆத்தைத் தாண்டிப் போட்டப்ப பதினொண்ணு. கடைசியா ஒம்போது. அப்புறம் மரம் ஏத்த லோரி வந்துருச்சு. மொதலாளி தவுக்கே மிச்சத்தையும் கழட்டி வித்துட்டாரு. இப்பப் போய்ப் பாத்தா வெறும் காடுதான் இருக்கும்.”

நான் அடிக்கோலை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தேன். தூறல். அவர் எனக்குக் குடை பிடித்தார். துண்டின் ஒரு முனையில் போல்ட் ஓட்டைகள் இருந்தன. எண்ணினேன். ஆறு.

“ஒரு முனையை அடுத்த தண்டவாளத்தோட சேர்க்க ரெண்டு போதாதா?”

“போதும் ஐயா. ஆனா ஒவ்வொரு தடவை போடறப்பவும் சேக்குற இரும்புப் பட்டை வேற வேற. பழைய ஓட்டை பொருந்தாது. புதுசா ரெண்டு போடுவோம்.”

ஆறை இரண்டால் வகுத்தேன். மூன்று. மறுபடி வகுத்தேன். மூன்றேதான். ஆறு வருடமாக அதற்குக் கீழே நின்று ஆட்களை எண்ணியவன், தலைக்கு மேலே இருந்த ஓட்டைகளை எண்ணவில்லை.

துரைக்கு இப்படி எழுதினேன்: ‘ரயில் இருந்தது உண்மை. நீளம் ஏழு, பதினொன்று, ஒன்பது மைல். மூன்றும் சரி.’ சனிக்கிழமை வந்த இரும்புக்காரன் அதைத் தொடாமல் போனான்.

எண்பதுகளின் நடுவில் நான் ஓய்வுபெற்று மலையிறங்கினேன். என் பெட்டிகள் ஏழும் அவருடைய லோரியில். வானத்தில் ஒரு மேகம் இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. அப்படியும் அவர் வாளியோடு இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கோடு மணல் தூவினார்.

“மழையே இல்லையே, எதுக்கு?” என்றேன்.

“பழைய மரம் ஏறியிருக்குல்ல ஐயா. பத்திரமா எறக்கணும்” என்று சொல்லி, ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு ஹாரன் அடித்தார்.

அந்த மலைப்பாதையில் அவ்வளவு மெதுவாக என்னை யாரும் கூட்டிப்போனதில்லை.