ஆள்காட்டிகளின் மெய்க்காப்பாளர்

யாரும் நியமிக்காமலே வேலைக்குச் சேர்ந்துவிடுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. அதனால் நமக்கும் விடுதலை கிடையாது.

எங்கள் யார்க்‌ஷயரில், ஹாக்டேல் மேட்டுக்கு வாய்த்தவர் கிளிஃபர்ட் ஹெப்வொர்த், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மார்ச் பிறந்து ஆள்காட்டிப் பறவைகள் முட்டையிட மேடேறியதுமே, கழுத்தில் தொலைநோக்கியும் கையில் மடக்கு நாற்காலியுமாக இவரும் வந்து மேட்டுப்பாதையின் கேட் அருகே உட்கார்ந்துவிடுவார். வருகிறவர்களை நாயைக் கயிற்றில் கட்டச் சொல்வார், கட்டியிருந்தால் கயிற்றைக் குறுக்கச் சொல்வார், நாயே இல்லையென்றால் வீட்டிலிருக்கும் நாயைப் பற்றி விசாரிப்பார். இது பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகையே சொல்கிறதே என்கிறீர்களா? பலகைக்குக் கத்தத் தெரியாதே!

போன மே மாதம் என் கிழட்டு நாயோடு அவரிடம் அகப்பட்டேன்.

"பாதையை விட்டு ஒரு அடி வைக்கக் கூடாது! தரையில முட்டை இருக்கு, தெரியுமா?"

"தெரியுங்க."

"எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். என் தப்புத்தான்.

"வாங்க, காட்டறேன்!" என்று பாதையை விட்டு இறங்கி, குட்டைப் புல்லுக்குள் விறுவிறுவென்று நடந்தார். நானும் நாயும் பாதையிலேயே நின்றோம். இரண்டு ஆள்காட்டிகள் அலறிக்கொண்டு எழும்பி, அவர் தொப்பியை உரசுகிற மாதிரி பாய்ந்தன.

"பாத்தீங்களா? என்னை அடையாளம் தெரியுது அதுகளுக்கு!"

அதற்குள் சரிவில் ஒரு குரல். மேட்டின் அசல் காவலர் ரோவினா.

"ஐயா, அப்படியே நில்லுங்க! தூக்கின காலைக் கீழ வைக்காதீங்க!"

நின்றார். தூக்கிய பூட்ஸுக்கு நேர்கீழே, புல்லோடு புல்லாக, புள்ளி போட்ட நான்கு முட்டைகள். ரோவினா தரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியாக வைத்து வந்து சேரும்வரை அவர் ஒற்றைக்காலில் ஆடினார். முகம் சிவந்தது. அவர் வாய்மூடி இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரோவினா இடுப்பைப் பிடித்து அவரைப் பின்னால் இழுத்தார்.

"யாரோ ஒருத்தர் முட்டையை மிதிக்கப்போறாங்கன்னு ரெண்டு மாசமா பயந்துக்கிட்டிருந்தேன். இப்பத்தான் ஆளு சிக்கினாரு."

பாதைக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். தாய்ப்பறவை தயங்கித் தயங்கி நடந்து வந்து, முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அப்பாடா!

மூன்று வாரத்தில் நான்கும் பொரிந்தன. கிளிஃபர்ட் வெட்கப்பட்டு வீட்டோடு இருந்தாரா? ஊர் மதுக்கடையில் பியரும் கையுமாக முழங்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் மட்டும் ஒத்தைக்கால்ல நிக்கலைன்னா, அந்த நாலு குஞ்சும் இன்னைக்கு இல்லை!"

இதில் எந்த எழுத்தைப் பொய் என்பது?

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்து நிற்குமே? அவருக்கு இதை உடனே அனுப்பக் கை துறுதுறுக்கிறதா? அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன், அவரிடமிருந்து உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.