அயர்லாந்தில் நான் பட்டுக்கடை வைத்த ஒரு பிற்பகல்

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்குப் பட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. செவிலிமேட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டிக்கொண்டிருந்தவன் நான். வாழ்க்கையில் தொட்டுப் பழகிய ஒரே இழை செம்புக் கம்பி. இதை அந்த மூன்று பெண்களிடம் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

என் மனைவி கலா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நானும் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். (விசா தாளில் என்னை 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் மாமனார் சொல்லி வந்ததை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டது.)

கப்பலில் சாமான் அனுப்ப அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது. கலாவின் தம்பி சேகர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிறவன். கடையிலிருந்து பதினான்கு பெட்டிகளைத் தூக்கி வந்தான். எல்லாவற்றிலும் நான்கு பக்கமும் 'சுத்தப் பட்டுச் சேலைகள்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்து.

"இன்னா மாமா யோசிச்சிக்கினு இருக்குற? பொட்டி ஸ்ட்ராங்கா இருக்குது. உள்ள இன்னா இருக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சா போதும்பா," என்றான்.

உள்ளே இட்லிப் பானையும் மிக்சியும் தலையணைகளும் போயின. ஒரே ஒரு பெட்டியில் மட்டும் நிஜமாகவே புடவைகள், கலாவின் ஏழு பட்டு. அவளுடைய முகூர்த்தப் புடவையைச் சேகர் கடை மடிப்பாகவே மடித்து, கடை உறையில் போட்டு வைத்தான்.

நாங்கள் போய் இறங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் பெட்டிகள் வந்தன. அதுவரை எனக்கு வேலை ஜன்னலோரம் உட்கார்வதுதான். அந்த ஊரில் மழை விழுவதில்லை, அப்படியே காற்றில் நின்றுகொண்டிருக்கும். எதிரே இருக்கும் குன்று ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் காணாமல் போகும். கலா டூட்டிக்குப் போன பிறகு நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துகொண்டிருந்தது.

பெட்டிகளை ஹாலில் அடுக்கிவிட்டு லாரிக்காரர்கள் போன அரை மணியில் அழைப்பு மணி அடித்தது. அதுவரை படியில் தலையாட்டியதோடு சரியென்றிருந்த மேல் வீட்டுச் சரஸ்வதி அக்கா, திருச்சிக்காரர், இரண்டு சிநேகிதிகளோடு நின்றிருந்தார்.

"பெட்டி இறக்குறதைப் பாத்தோம் தம்பி. காஞ்சிபுரமா? இங்க கடை போடப்போறீங்களா?"

'இல்லை' என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் இல்லை என்று சொன்னால் போய்விடுவார்களே. "உள்ள வாங்கக்கா" என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவு போலத்தான் ஞாபகம் இருக்கிறது. டீ போட்டேன். வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்தேன். ஏழு புடவைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வீசினேன். சாம்பல் வெளிச்சத்தில் அந்த அறையே அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக மிதந்தது. மூன்று பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த நாட்டில் நானும் ஒரு ஆள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

"ஃபால்ஸ்கூடத் தைச்சிருக்கே?"

"எங்க கடையில தைச்சேதான் குடுப்போம்கா." (எங்க கடை!)

"ஜரிகை வெள்ளிதானே தம்பி?"

மோட்டார்க்காரன் மூளை முந்திக்கொண்டது. "செம்புக்கா. நயம் செம்பு. ரொம்ப வருஷம் உழைக்கும்."

நல்ல பட்டில் ஜரிகை வெள்ளி, மேலே தங்க முலாம். செம்பு என்றால் மட்டம். எங்கள் ஊரில் ஸ்கூல் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அக்கா என்னை உருக்கத்தோடு பார்த்தார். "இப்படி உள்ளதைச் சொல்லி விக்கிற வியாபாரிய நான் பாத்ததே இல்ல."

பிறகு அரக்குப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டார். மகள் வித்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பாம். அது கலாவின் முகூர்த்தப் புடவை. உண்மையைச் சொன்னால் கடை, மரியாதை, டீ எல்லாம் போய்விடும். விலை கேட்டார். முதல் போணிக்கு விலை பேசக்கூடாது, அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். (அப்படியொரு வழக்கம் காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் கிடையாது.)

மிச்சம் ஆறையும் பெட்டியில் திணித்து டேப் ஒட்டிவிட்டேன். ஐந்து நாள் கலாவின் முகத்தைப் பார்த்தே நான் பேசவில்லை. வளைகாப்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வயிற்றுவலி என்று படுத்தேன். நாடி பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சட்டைய மாட்டிக்கினு வா" என்று இழுத்துப் போனாள். நர்ஸைக் கட்டியவனுக்கு நோய்கூடச் சொந்தமில்லை.

வித்யா நாற்காலியில் அந்தப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். கலா வாசலிலேயே நின்றுவிட்டாள். புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் புடவையைப் பார்த்தாள். நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் அப்பா பஸ் ஓட்டிய காசில், கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துக்கொடுத்த புடவை. பெட்டியில் போட எனக்கு உரிமை இருந்தது, பிரித்து வீச இருந்ததா? வெட்கம் என்றால் என்ன என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது.

ஆனாலும் கலா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அன்னிய வீட்டு விசேஷம், வாயும் வயிறுமாக ஒரு பெண். அத்தோடு போயிருக்கும். சரஸ்வதி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமானவர்மா. செம்பு ஜரிகைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு."

"செம்பா?" கலாவின் குரல் சமையலறை வரை போயிருக்கும். "எங்கப்பா எடுத்துக் குடுத்த முகூர்த்தப் பொடவைமா அது. அத்தனையும் வெள்ளி!"

வித்யா பதறிப்போய் எழுந்தாள். கலா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். முந்தானையை நீவிவிட்டாள்.

"நீ கட்டிக்கினே இரும்மா. என்னவிட உனக்கு எடுப்பா இருக்குது. எனக்கு வெள்ளின்னு தெரிஞ்சா போதும்."

வித்யாவுக்குச் சுகப்பிரசவம். புடவை இனிப்போடு திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் யாருக்கு வளைகாப்பு என்றாலும் கலாவிடம்தான் வந்து கேட்கிறார்கள். அதைக் கட்டினால் பிரசவம் நல்லபடி நடக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. எங்கள் மகள் வயிற்றில் இருந்தபோது கலாவே கட்டினாள், அது அந்தப் புடவைக்கு நான்காவது வளைகாப்பு.

லீவுக்கு ஊருக்கு வந்தால் கலாவும் மகளும் மாமனார் வீட்டாரோடு பட்டுக்கடைக்குப் போவார்கள். என்னை உள்ளே விடுவதில்லை. வாசலில் நின்று எல்லார் செருப்பையும் பார்த்துக்கொள்வது என் வேலை. போன முறை என் மகள் படியில் நின்று, "அப்பா ஏம்மா உள்ள வரல?" என்று கேட்டாள்.

கலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்தா நம்ம ரெண்டு பேரையும் வித்துடுவாரு. அதுவும் செம்புன்னு சொல்லி."