ஃபார்மட் ஆன கல்யாணம்

படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிடுவார்கள். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ.

கல்யாணமாகி, திருப்பாலைவனத்திலிருந்து கோட்டைக்குப்பத்துக்கு வந்த புதிது. மாமனார் பழவேற்காட்டில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டருக்கு ஏறக்குறைய என் வயது. (என்னைவிட அதிகம் உழைத்தது.) வேறு எதிலும் அவருக்கு எடிட்டிங் ஓடாது. படங்கள் வைக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டதால் புதிது ஒன்று வாங்கி வந்தார். அது சேரவில்லை.

"இன்னாம்மா இது, வாயே வேற மாதிரி கீது?"

"பழசுக்குப் பட்டை வயரு மாமா, புதுசுக்கு ஒல்லி வயரு. நடுவுல ஒரு அடாப்டர் போட்டா ரெண்டும் பேசிக்கும்."

சென்னையிலிருந்து அடாப்டர் வந்தது. தீப்பெட்டி அளவு. ஒரே பட்டை வயரில் இரண்டு டிஸ்க்கை மாட்டினால், அடாப்டரிலுள்ள குட்டிப் பின்னை இடம் மாற்றிச் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியாது. (இது எனக்கு இப்போது தெரியும்.)

திரையில், விண்டோஸ் இருந்த டிஸ்க்கைத் தவிர ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. புதுசு வந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அதன் அளவைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஃபார்மட்டை அழுத்தினேன்.

பின்னால் நின்ற என் கணவர், "எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டுகீதே?" என்றார்.

"அது எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லும்."

முடிந்ததும் மாமனார் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "மொதல்ல நம்ம புள்ள கல்யாணத்த ஏத்தும்மா. பழைய டிஸ்க்கு எங்க? காணோமே?"

கண்ணுக்குத் தெரியாமல் போனது புதுசு; நான் ஃபார்மட் செய்தது பழசை.

எங்கள் கல்யாணத்தை அவரே எடுத்து, அவரே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாலி கட்டறப்போ உங்கம்மா அழுதாங்கம்மா. நல்லா வந்திருந்துச்சி" என்றார். திட்டியே இருக்கலாம்.

டிஸ்க்கைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்களால் மீட்க முடிந்தது பந்தியை மட்டும்தான். தாலி இல்லை, மாலை இல்லை, அம்மாவின் அழுகை இல்லை. இலை இலையாகச் சாம்பார் ஊற்றுகிறார்கள். பட்டுப்புடவையில் ஒருத்தி உலகமே மறந்து அப்பளம் நொறுக்குகிறாள். (நான்தான்.)

முகூர்த்தத்துக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிடாமல் பஸ் பிடித்தவர்கள் யாரும் அந்த வீடியோவில் இல்லை. அவர்களில் ஒருவரான கணவரின் பெரியப்பா இதை இன்றும் மன்னிக்கவில்லை. அதனால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மேடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகப் பந்திக்குப் போகிறார். கேட்டால் என்னைக் கைகாட்டுகிறார்.

"அந்தப் பொண்ணு வந்துகீது. துன்னவன்தான் மிஞ்சுவான், வா."