ஆவியாகிப் போன வெள்ளை வைன்

லேபிள்காரருக்கு நாப்பத்தேழாவது வயசுல ஒரு லட்சியம் வந்துச்சு. அந்த வயசுல சில பேருக்கு முடி கொட்டும், சில பேருக்கு மூட்டு வலிக்கும். இவருக்கு லட்சியம். சாப்பாட்டு மேசையில கரண்டியோட எழுந்து நின்னு பெண்டாட்டிகிட்ட அறிவிச்சார்.

"இன்னியிலேர்ந்து நான் வெள்ளை வைன் ஆராய்ச்சி பண்ணப் போறேன்."

"உக்காந்து பண்ணுங்க. சூப் ஆறுது."

"சகலை பீத்திக்கிறானே, ஊரறிஞ்ச நாட்டு வைன், அந்தச் சமாச்சாரம் இல்ல. நம்ம பக்கத்துலயே மூணு நாடு இருக்கு. அங்க யாருமே கண்டுக்காத வெள்ளை வைன் இருக்கு. அதை நான் கண்டுபிடிக்கப் போறேன்."

"அந்த நாட்டுக்காரங்க இன்னும் கண்டுபிடிக்கலையாக்கும்?"

உக்காந்து கரண்டியை விட்டார். சூப்ல நூல் கிடந்துச்சு. வழக்கம்போல எடுத்து ஓரமா வெச்சார். ஏன்னா அந்த வீட்டுல சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை. வீட்டம்மா தையல்காரங்க. ஜன்னல் திரை, நர்சுங்க போடுற வெள்ளைக் கோட்டு, எல்லாம் அந்த மேசையில்தான் வெட்டுவாங்க, தைப்பாங்க. ஒரு தடவை பட்டாணின்னு நெனச்சு பச்சை பட்டனைக் கடிச்சுட்டார் மனுஷன். பல் போச்சு. பட்டனுக்கு ஒண்ணும் ஆகல, கழுவி கோட்டுல தைச்சாச்சு.

அதனாலதான் அந்தம்மாவுக்கு பின்பக்க ரூம் மேல கண்ணு. சின்ன ரூம், பழைய குடையும் உடைஞ்ச நாற்காலியும் கிடக்கும். "மெஷினை அங்க போட்டுக்கறேங்க"ன்னு ஆறு வருஷமா கேக்கறாங்க. ஆறு வருஷமா "பாக்கலாம்"தான். இப்ப லட்சியம் வந்ததும் இவர் அந்த ரூம் கதவுல ஒரு லேபிள் ஒட்டிட்டார்: வைன் அறை.

லேபிள் ஒட்டறது அவருக்குக் கை வந்த கலை. லேபிள் அச்சகத்துல இருபத்து ரெண்டு வருஷம். அவர் முதலாளி ஒருத்தர் இருந்தார் பாருங்க, தரை கழுவற மருந்து லேபிளைக் கொண்டு போய் ஜாம் பாட்டில் மேல ஒட்ட வெச்சவர். ஜாம் விக்காம கிடந்துச்சு. ஒரே ஒரு வீட்டுல மட்டும் வாங்கித் தரையில தேச்சு, எறும்பு வந்து, குடும்பமே ஒரு வாரம் கட்டில் மேல குடியிருந்தது. சரி, அது கிடக்கட்டும்.

நம்மாளு மூணு பாட்டில் வாங்கிட்டு வந்தார். ஒண்ணு மலைநாட்டுது, லேபிள்ல ஆடு படம். ஒண்ணு ஆத்துக்கு அந்தக் கரை நாட்டுது, படகு படம். இன்னொண்ணு கடலோர நாட்டுது, எலுமிச்சை மரம் படம். எழுத்து எதுவும் இவருக்குப் படிக்க வராது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன பண்ணினார்ங்கறீங்க? திறந்தாரா? குடிச்சாரா? வெந்நீர்ல முக்கி லேபிளை உரிச்சார். தொழில் புத்தி. ஓரம் கிழியாம உரிச்சு, காய வெச்சு, ஆல்பத்துல ஒட்டினார். மொட்டை பாட்டில் கழுத்துல ஒண்ணு மலை, ரெண்டு ஆறு, மூணு கடல்னு அட்டை கட்டித் தொங்க விட்டார்.

அப்புறம்தான் ஆராய்ச்சி. சாயங்காலம் ஆல்பத்தைத் திறந்து வெச்சுக்குவார். அரை கிளாஸ் ஊத்துவார். ஒரு வாய் குடிப்பார். படத்தைப் பார்ப்பார். நோட்டுல எழுதுவார்.

"மலைநாடு: தூரத்துல ஆட்டு வாசனை. ஆத்து நாடு: நாக்குல லேசா ஆட்டம். கடல் நாடு: எலுமிச்சை, எலுமிச்சை, எலுமிச்சை."

"மூணையும் நானும் ஒரு வாய் குடிச்சுப் பார்க்கட்டுமா?"ன்னு ஒரு நாள் அம்மா கேட்டாங்க.

"உனக்குப் புரியாது. இதுக்குப் பயிற்சி வேணும்."

"ஆமாங்க, பயிற்சி வேணும்"னு மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இதுக்கு நடுவுல நோட்டுல ஒரு பெரிய கண்டுபிடிப்பும் ஏறிடுச்சு. பாட்டில்ல வைன் தானா குறையுது! காலையில அச்சகம் போகும்போது இருந்த அளவு சாயங்காலம் இல்ல. லேபிள்காரர் அளவுகோல் வெச்சு அளந்தார். "பக்கத்து நாட்டு வெள்ளை வைன் லேசானது. மூடி வழியா ஆவியாகிறது. கடல் நாடு தினம் அரை விரல். ஆத்து நாடு ஒரு விரல். மலைநாடு இரண்டு விரல். உயரமான இடத்துச் சரக்கு என்பதால் மேலே போகும் குணம் அதிகம்." இதைப் பெண்டாட்டிக்கு வாசிச்சும் காட்டினார்.

"அடேயப்பா"ன்னாங்க அவங்க. "எழுதி வைங்க, எழுதி வைங்க."

புதுப் புதுசா வாங்கிட்டு வந்தார், அதே மூணு வகை. பதினஞ்சு ஆடு, எட்டுப் படகு, ஆறு எலுமிச்சை மரம் ஆல்பத்துல ஏறிடுச்சு. பின்பக்க ரூமுக்கு அலமாரி அடிக்க ஆசாரியைக் கூப்பிட்ட அன்னிக்குத்தான் அம்மா ஊசியைக் கீழ வெச்சாங்க.

"என்னங்க, ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் தங்கச்சியும் உங்க சகலையும் சாப்பிட வர்றாங்க. உங்க கண்ணைக் கட்டிடறேன். மூணு கிளாஸ். எது எந்த நாடுன்னு மூணுல ரெண்டு சரியாச் சொல்லுங்க, ரூம் உங்களுக்கு. இல்லேன்னா மெஷினுக்கு."

"மூணுமே சொல்லுவேன்!"ன்னு சொல்லிட்டார். சொன்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஆல்பம் மேசையில இருக்காதே! படம் பார்க்காம இவருக்கு வைனும் ஒண்ணுதான், வடிகட்டின தண்ணியும் ஒண்ணுதான்.

ரெண்டு நாள் யோசிச்சு ஒரு வழி பிடிச்சார். ஞாயித்துக்கிழமை காலையில மலைநாட்டு பாட்டிலை ஃப்ரீசர்ல வெச்சார். ஆத்து நாட்டு பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவுல வெச்சார். கடல் நாட்டு பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில வெச்சார். கிளாஸைத் தொட்டாலே போதும்: உறைஞ்சா மலை, ஜில்லுன்னா ஆறு, வெதுவெதுன்னா கடல். நாக்குக்கு வேலையே இல்ல. குளிக்கும்போது பாட்டே வந்துடுச்சு அவருக்கு.

மத்தியானம் எல்லாரும் உக்காந்தாங்க. அம்மா திரைத்துணியில ஒரு துண்டை வெட்டி இவர் கண்ணைக் கட்டினாங்க. சகலைதான் நடுவர்.

"சகலை, துணி தடிமனா இருக்கா?"ன்னு கேட்டான் நடுவர்.

"இருட்டா இருக்குடா. ஊத்தச் சொல்லு!"

முதல் கிளாஸ் கைக்கு வந்துச்சு. ஐஸ்! விரலே மரத்துப் போச்சு. ஒரு வாய் குடிச்சு, முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி, "ஆகா, ஆடு மேயுது! மலைநாடு!"ன்னார். ரெண்டாவது கிளாஸைத் தொட்டார். அதுவும் ஐஸ். மூணாவது. அதுவும் ஐஸ்.

"ஏம்மா... எல்லாம் ஏன் இவ்வளவு குளிருது?"

"பாட்டிலெல்லாம் மூலைக்கு ஒண்ணா கிடந்துச்சுங்க. எடுத்து ஒரே வாளியில ஐஸ் கொட்டி வெச்சுட்டேன். வெள்ளை வைன் குளிர்ந்து இருக்கணும்னு உங்க நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கீங்களே."

திருட்டுத்தனமா வெச்சதை வெளிய சொல்ல முடியுமா? மூக்கை உள்ளே விட்டார். மூக்கும் மரத்துச்சு.

"ரெண்டாவது... ஆத்து நாடு. மூணாவது கடல் நாடு. எலுமிச்சை கொட்டுது."

சகலை ஒவ்வொரு கிளாஸுக்குப் பின்னாலயும் நின்ன பாட்டிலோட அட்டையைப் பார்த்தான். மேசையைத் தட்டிச் சிரிச்சான்.

"சகலை, உன் ஆடு கடல்ல நீந்துது! முதல் கிளாஸ் கடல் நாடு. ரெண்டாவது மலை. மூணாவது ஆறு. மூணும் தப்பு!"

தங்கச்சி, "விடுங்க அத்தான், ஒண்ணு விடாம மூணையும் தப்பா சொல்றதும் கஷ்டம்தான்"னாள்.

லேபிள்காரர் கண்கட்டைப் பிடுங்கி எறிஞ்சார். முகம் சிவந்துடுச்சு.

"கண்ணைக் கட்டிட்டா இதை யாராலயும் சொல்ல முடியாது! ஏம்மா, உன்னால முடியுமா? நீ மூணையும் சரியாச் சொல்லு, ரூம் மட்டுமில்ல, இனி இந்த வீட்டுக்கு வர்ற வைன் பூரா உனக்கே! நான் தொட மாட்டேன்!"

"வேணாங்க."

"பயமா?"

"சரி, கட்டுங்க."

இவரே கட்டினார், ரெண்டு முடிச்சு போட்டு. கிளாஸ் வரிசையை சகலை மாத்தி வெச்சான். அம்மா முதல் கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனதும், குடிக்கக்கூட இல்ல, "இது ஆத்து நாடு. லேசா துவர்க்கும். திரை ஓரம் மடிக்கும்போது நல்லா இருக்கும்"னாங்க. ரெண்டாவதுல ஒரு சொட்டு நாக்குல வெச்சு, "கடல் நாடு. எனக்கு அவ்வளவா ஒத்துக்கலை, பட்டன் வேலைக்கு மட்டும்தான்." மூணாவது கிளாஸை முழுசாக் குடிச்சு முடிச்சுட்டு, உதட்டைத் துடைச்சுக்கிட்டு, "மலைநாடு. கோட்டுக்குக் கை தைக்கும்போது இது இல்லாம முடியாது."

மூணும் சரி.

லேபிள்காரருக்கு நோட்டுல எழுதின விரல் கணக்கெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. கடல் அரை விரல். ஆறு ஒரு விரல். மலை ரெண்டு விரல்.

"அப்ப... ஆவி?"

"பயிற்சி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

சாயங்காலத்துக்குள்ள அவரும் சகலையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு மெஷினைப் பின்பக்க ரூமுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கதவுல இருந்த லேபிளை இவரே வெந்நீர் தொட்டு உரிச்சார், ஓரம் கிழியாம. அம்மா நூல்கண்டு அடுக்கி, அதுக்குப் பக்கத்துல மூணு பாட்டிலையும் வரிசையா வெச்சாங்க. இவர் வாசப்படியில நின்னுக்கிட்டே இருந்தார். ஆல்பம் அக்குள்ல.

"ஏம்மா... மலைநாட்டுதுல ஒரு அரை கிளாஸ் மட்டும்..."

"அது ஆவியாயிடுச்சுங்க. நீங்க ஆட்டைப் பாருங்க."